மாடு ஏன் கையைப் பார்க்கிறது

அந்தக் காலத்தில் மாடுகள் பேசின. ராஜா காலம் என்று நினைத்துவிட வேண்டாம். கடைக்குப் பை எடுத்துப்போவது கௌரவக் குறைச்சல் என்று நம் ஆட்கள் கண்டுபிடித்தார்களே, அந்தக் காலம்தான்.

வாய்க்கால் தெருவில் ரஞ்சிதம் என்பவள் மயிலை என்று ஒரு பசு வைத்திருந்தாள். கட்டிப்போட்டுத் தீனி போட அவளுக்கு வசதி இல்லை. காலையில் பால் கறந்ததும் அவிழ்த்துவிடுவாள். மயிலை வீடு வீடாக நின்று, "என்ன கோமளம்மா, இன்னைக்கு வாழைக்காய்த் தோலா?" என்று விசாரித்துத் தின்றுவிட்டு, கழுநீரும் குடித்துவிட்டு வரும்.

பிறகு பிளாஸ்டிக் கவர் வந்தது. மிச்சச் சோறு, காய்த்தோல், ஊசிப்போன குழம்பு எல்லாவற்றையும் அதில் போட்டு, நாறக்கூடாது என்று இறுக்கி முடிச்சுப் போட்டு, தெருமுனையில் வீசினார்கள். வீட்டுக்குள் அப்படி ஒரு சுத்தம்! அவிழ்த்துத் தின்ன மாட்டுக்கு விரலா இருக்கிறது? பசி தாங்காமல் மயிலை கவரோடு விழுங்கியது. மூன்று வருஷம் அப்படியே விழுங்கியது.

வயிறு கல்லாகக் கனத்தது. போதாததற்குச் சினை வேறு. மயிலை ஒவ்வொரு வாசலாகப் போய்க் கெஞ்சியது.

"முடிச்சை மட்டும் அவிழ்த்துக் கொட்டுங்க தாயி. உள்ள போனது வெளிய வர மாட்டேங்குது. நீங்களும்தான் கொதிக்கிற சாம்பாரை அதுல கட்டி வாங்கிட்டு வந்து பிள்ளைங்களுக்கு ஊத்துறீங்க. எனக்காவது நாலு வயிறு. அதுங்களுக்கு ஒண்ணுதானே?"

"மாடெல்லாம் நமக்குப் புத்தி சொல்ல வந்துடுச்சு" என்று தெருவே சிரித்தது. தன் மாட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று ரஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆடி அமாவாசை வந்தது. அன்றைக்கு மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுத்தால் செத்துப்போனவர்களுக்குப் போய்ச் சேரும் என்று நம்பிக்கை. கையால் நீட்டுவதை மாடும் மறுக்கக் கூடாது. மறுத்தால் பெரியவர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்று வீடே கலங்கிப்போகும். கோமளம் தன் மாமியாரை நினைத்துக் கீரையை நீட்டினாள். கடைக்காரன் கட்டிக்கொடுத்த கவர், போட்ட முடிச்சு, எல்லாம் அப்படியே இருந்தது.

"அவிழ்த்துக் குடும்மா" என்றது மயிலை.

"கையில எச்சில் படும். இப்பதான் குளிச்சிட்டு வந்தேன். அப்படியே வாங்கிக்க. வேண்டாம்னு சொல்லி எங்க அத்தை ஏத்துக்கலைன்னு ஆக்கிடாத."

நல்ல நாளில் ஒரு வீட்டை அழவைக்க மயிலைக்கு மனசு வரவில்லை. வாங்கி விழுங்கியது.

மூன்றாம் நாள் கன்று போட்டது. போட்டதோடு சரி, எழுந்திருக்கவில்லை. மாட்டு டாக்டர் வந்து விலாவைக் கிழித்து, இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் போட்டார். சாக்கு சாக்காகக் கவர்கள். "இதெல்லாம் ரொம்ப நாளாச் சேர்ந்ததும்மா. இனிமே தாங்காது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மயிலை கன்றை நக்கியது. "அம்மா" என்று வாயெடுத்த கன்றிடம், "பேசாத கண்ணு. சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். யாராவது எதையாவது நீட்டினா, அவங்க கையை மட்டும் பாரு" என்றது. அத்தோடு மயிலையின் மூச்சு நின்றது.

ரஞ்சிதம் அந்தக் குவியலில் தேடி, மயிலை சொல்லியிருந்த அமாவாசைக் கவரை எடுத்துக்கொண்டு நேரே கோமளத்தின் வாசலுக்குப் போனாள். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அகத்திக்கீரை ஓர் இலைகூடக் குறையாமல் கோலத்தின் மேல் விழுந்தது.

"பாத்துக்க. என் மாட்டுக்கும் சேரல, உன் மாமியாருக்கும் சேரல. இதுல நீ தேடின புண்ணியம் எங்கடி?"

கோமளம் குனிந்து கீரையைப் பொறுக்கத் தொடங்கினாள். மயிலையின் கன்று அதற்குப் பிறகு பேச வாயைத் திறக்கவே இல்லை. விஷயம் கேள்விப்பட்ட மற்ற மாடுகளும் நம்மோடு பேச்சை நிறுத்தின. அன்றைக்குப் பிடித்த வழக்கம்தான்: இன்றும் வாசலில் வந்து நிற்கும் மாடு ஒரு வார்த்தை பேசாமல், முடிச்சை அவிழ்ப்போமா மாட்டோமா என்று நம் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.