குதிரை இல்லாத துப்பாக்கி

தும்பைப்பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், "இங்கேதான்" என்பார்கள். அதற்கு மேல் அவர்களிடம் விவரம் கிடையாது. மான் வேட்டைக்குத் தடை வராத காலம் அது. ஊருக்கு வடக்கே காடு, காட்டில் மான், ஊரில் கொண்டப்பன்.

கொண்டப்பனுக்கு மாமன் மகள் செல்லியைக் கட்டிக்கொள்ள ஆசை. செல்லிக்கும் மறுப்பில்லை. மாமன் அய்யாவுதான் குறுக்கே நின்றார்.

"மருமகனே, வேட்டைக்காரனுக்குத்தான் என் பொண்ணு. பங்குனி பிறக்கிறதுக்குள்ள ஒரு மானை அடிச்சு என் வாசல்ல கொண்டாந்து நிறுத்து. இல்லேன்னா வாகைமேட்டு எண்ணெய்க்காரர் பையன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

கொண்டப்பன் அதுவரை கவண்கல்லால் காக்கையைக்கூட அடித்ததில்லை. காக்கைகளும் அவனைப் பார்த்து நகர்வதில்லை. ஆகவே முதலில் துப்பாக்கி வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. முதல் துப்பாக்கி என்பதால், அதைத் தேர்ந்தெடுக்க ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் போக வேண்டும் என்று மணியக்காரர் சீரங்கர் சொன்னார். மணியக்காரரும் அய்யாவும் நாகப்ப வைத்தியரும் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். கொண்டப்பனுக்கு இடம் இல்லை. அவன் பின்னால் நடந்து போனான்.

டவுனில் துப்பாக்கி வியாபாரம் செய்த காசிம் ராவுத்தர் பொறுமைசாலி. மெலிந்த ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்தார்.

"புதுசா வேட்டைக்குப் போற பையனுக்கு இதுதான் தோது. கனம் இல்லை. தோள்ல அடக்கமா நிக்கும். ஒரு தடவை பையன் தோள்ல வச்சுப் பாருங்க."

மணியக்காரர் அதை வாங்கித் தன் தோளில் வைத்துப் பார்த்தார். "எனக்கு இது கட்டையா இருக்கு."

"சுடப்போறது நீங்களா?"

"ஊருக்குள்ள துப்பாக்கி வருது. மணியக்காரனை விடக் குள்ளமா இருந்தா மரியாதையா?"

வைத்தியர் குழலுக்குள் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அய்யாவுக்கு வேறொரு கவலை. "கல்யாணக் காரியத்துக்கு வாங்கறோம். ஒத்தைக் குழல் ஆகாது. ஜோடியா இருக்கட்டும்."

"மாமா, நான் ஒரு தடவை தூக்கிப் பார்க்கட்டுமா?" என்றான் கொண்டப்பன்.

"கல்யாணத்துக்கு முந்தி தொடக்கூடாது."

மூலையில் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று சாத்தியிருந்தது. மணியக்காரரின் உச்சந்தலை உயரம் இருந்தது. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பெரியவர்கள் மூவருக்கும் அது ஒரே நேரத்தில் பிடித்துப்போயிற்று. அந்த ஊரில் அப்படி நடப்பது அபூர்வம்.

"அது வேண்டாங்க. அதுல குதிரை இல்லை. ஒடிஞ்சு போச்சு" என்றார் ராவுத்தர்.

சுடும்போது பின்னுக்கு இழுக்கிற இரும்புக் கொக்கிக்குத் துப்பாக்கிக்காரர்கள் குதிரை என்று பேர் வைத்திருந்தார்கள். வெடிமருந்தை வெறும் மருந்து என்பார்கள், ஈயக் குண்டுமணியை ரவை என்பார்கள். தும்பைப்பள்ளத்தாரை மனதில் வைத்துக்கொண்டு அவர்கள் பேர் வைக்கவில்லை.

"குதிரை இல்லாட்டிப் போகுது. அதை நாங்க போட்டுக்கறோம்" என்றார் மணியக்காரர்.

ராவுத்தர் பெருமூச்சு விட்டுவிட்டு முறையைச் சொல்லிக்கொடுத்தார். "மருந்தை அளவாப் போடுங்க. மேலே ரவை. குறி பார்த்து, மூச்சை அடக்கி, குதிரையைப் பின்னால இழுக்கணும். தோள்ல ஒரு உதை உதைக்கும். பயந்துடக் கூடாது."

வழியெல்லாம் மணியக்காரர் அதைப் பாராமல் ஒப்பித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் ஊர் கூடியது. மருந்து என்றதும் எல்லோரும் வைத்தியரைப் பார்த்தார்கள். அவர் குழலின் மேல் விரல் வைத்து நாடி பிடித்தார்.

"என்ன நோய் வைத்தியரே?"

"நோய்னு சொல்ல முடியாது. இது வெடிக்கணும், அவ்வளவுதானே? வெடிக்கிறதுன்னா வாயு. சுக்கு, ஓமம், கொஞ்சம் தூக்கலா வெல்லம்."

கஷாயம் இரண்டு குழலிலும் ஊற்றப்பட்டது. அடுத்தது ரவை. அதை வறுத்துப் போடுவதா, வறுக்காமல் போடுவதா என்று வாக்குவாதம் எழுந்தது. ராவுத்தர் அதைச் சொல்லவில்லையே என்று அய்யாவு வருத்தப்பட்டார். வறுக்காவிட்டால் புழு வைக்கும் என்று செல்லி சொன்னாள். சொன்னவளே நெய் விட்டுச் சிவக்க வறுத்து எடுத்துவந்து, குழல் வாய் நிறைய அடைத்தாள். கொண்டப்பன் உயிரோடு திரும்ப வேண்டும் என்பதால் நெய்யில் அவள் சிக்கனம் பார்க்கவில்லை.

குறி பார்க்க மலையடிவாரத்திலிருந்து குறிகாரி வந்தாள். துணி சுற்றித் தன் மடியில் கிடத்திய துப்பாக்கியைத் தடவிக்கொடுத்து, "ஆண் பிள்ளை பிறக்கும்" என்று சொல்லிவிட்டு அரிசியை வாங்கிக்கொண்டு போனாள்.

குதிரைக்குத்தான் அலைச்சல். கடைசியில் ஜட்கா வண்டிக்கு ஆகாதென்று கழித்துவிட்ட கிழட்டுக் குதிரை ஒன்று அகப்பட்டது. அய்யாவு வீட்டுக் கொட்டிலில் கட்டிக் கொள்ளு வைத்தார்கள். அது ஒரு வாரம் தின்றுவிட்டு, இன்னும் வருமா என்று பார்த்தது.

மாசி முடிய இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. விடியற்காலையில் துவரைக் காட்டு ஓரத்தில் கொண்டப்பன் துப்பாக்கியை அணைத்துக்கொண்டு குப்புறப் படுத்தான். அன்றுதான் அதை அவன் கையில் கொடுத்தார்கள். துப்பாக்கியோடு குதிரை சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா, அதனால் அடிக்கட்டையில் கயிறு கட்டிக் குதிரையின் கழுத்தில் முடிந்தார்கள். வாலுக்கு அருகே அய்யாவு நின்றார்.

"இப்போ மூச்சை அடக்குங்க" என்றார் மணியக்காரர்.

ஊரே அடக்கியது. வைத்தியர் முதலில் சாய்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அந்தக் காட்டில் அப்படி ஓர் அமைதி அதற்கு முன் இருந்ததில்லை. நெய் வாசனைக்கு மூக்கைத் தூக்கியபடி புள்ளிமான் ஒன்று வந்தது. கொண்டப்பனைக் கொஞ்ச நேரம் பார்த்தது. மான் குழல் வாயில் நாக்கை விட்டு நக்கத் தொடங்கியது.

"மாமா, வந்திருச்சு. நக்குது."

"இழுங்க அய்யாவு."

அய்யாவு இரண்டு கையாலும் வாலைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். குதிரை அவரைத் தோளில் உதைத்தது.

அவர் பாத்திக்குள் விழுந்த இடத்துக்கு மணியக்காரர் மெதுவாக நடந்து வந்தார். "ராவுத்தர் சொன்ன தோள்தான். உதைச்சாச்சுன்னா வெடிச்சிருக்கணும். உமக்குச் சத்தம் கேட்டுச்சா?"

"எலும்புக்குள்ள கேட்டுச்சு" என்றார் அய்யாவு.

மான் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி நக்கியது.

"குண்டு பட்ட மான் மாதிரி தெரியலையே" என்றான் கொண்டப்பன்.

அப்போதுதான் கண் விழித்த வைத்தியர் பெருமையோடு சொன்னார்: "என் மருந்து குடிச்ச எதுவும் சாகாது."

உதைத்த குதிரைக்குப் பசி எடுத்துவிட்டது. கொள்ளு நினைப்பில் அது வீட்டைப் பார்த்து நடந்தது. கயிற்றில் துப்பாக்கி போயிற்று. துப்பாக்கியைக் கட்டிப்பிடித்தபடி கொண்டப்பன் போனான். வெல்லமும் நெய்யும் இன்னும் உள்ளே இருந்ததால் குழல் வாயை விடாமல் மானும் போயிற்று. ஒரு தோள் தொங்க அய்யாவு பின்னால் வந்தார். குதிரை நேரே அவர் வீட்டு வாசலில் போய் நின்றது. மானும் நின்றது.

செல்லி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ரவை வறுக்க உள்ளே போனாள்.

அய்யாவு மானைச் சுற்றி வந்தார். "வாசல்ல நிறுத்திட்டே, சரி. அடிச்சுக் கொண்டாந்து நிறுத்துன்னு சொன்னேன். அடிச்சியா?"

கொண்டப்பன் மானைப் பார்த்தான். எண்ணெய்க்காரர் பையன் முகம் கண்முன் வந்தது. மானின் முதுகில் லேசாக ஒரு தட்டுத் தட்டினான்.

"இது தடவல்" என்றார் அய்யாவு.

கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று வைத்தான். மான் திரும்பி அவனை முறைத்தது.

"இது அடி" என்றார் மணியக்காரர். ஊரும் தலையாட்டியது. பங்குனியில் கல்யாணம் நடந்தது. மான் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டது.

அடுத்த வருஷம் செல்லியின் தங்கைக்கு வரன் வந்தது. மாப்பிள்ளைப் பையன் முயல் அடித்து வர வேண்டும் என்று அய்யாவு சொல்லிவிட்டார். பெரியவர்கள் மறுபடி வண்டி கட்டினார்கள். இந்த முறை கொண்டப்பனுக்கு வண்டியில் இடம் இருந்தது. பையன் பின்னால் நடந்து வந்தான்.

"எப்படி, துப்பாக்கி நல்லா வேலை செய்யுதா?" என்று ராவுத்தர் கேட்டார்.

"ஒரு குறையும் இல்லை. ஆண் பிள்ளைதான் இன்னும் பிறக்கலை" என்றார் மணியக்காரர்.

ராவுத்தர் பழைய ஒற்றைக் குழலையே எடுத்து வைத்தார். பையன் ஆசையோடு கையை நீட்டினான். கொண்டப்பன் அதைத் தட்டிவிட்டான்.

"கல்யாணத்துக்கு முந்தி தொடக்கூடாது."

பிறகு துப்பாக்கியைத் தன் தோளில் வைத்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், குழலுக்குள் விரலை விட்டு அளந்தான், தலையை ஆட்டினான்.

"இது ஆகாது ராவுத்தரே. முயலுக்குன்னா வாய் இன்னும் அகலமா வேணும். ஒரு கீரைக்கட்டாவது உள்ளே போக வேண்டாமா?"