குடத்தை விட்டுப் போகாத கற்பூரம்

முன்னொரு காலத்தில், நாளுக்கு ஓர் ஆணையாவது போடாவிட்டால் சோறு இறங்காத ராஜா ஒருவர் இருந்தார். கடல் கடந்து வந்த வணிகர்கள் அவருக்கு நெல்லிக்காய் அளவு கற்பூரக் கட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். ராஜா அதை முகர்ந்தார். உடனே ஆணை பிறந்துவிட்டது.

"இதை யாரும் கொளுத்தக் கூடாது. ஒரு மாதம் கழித்துத் திருவிழாவில் நானே ஏற்றுவேன். அதுவரை யார் காவல்?"

பண்டாரத் தலைவர் காரி எழுந்தார். இதற்கு முன் கற்பூரம் காத்த நான்கு காவலர்களைத் திருடர்கள் என்று ஊரை விட்டுத் துரத்தியவர் அவர்தான்.

"நம் விகடகவி சாத்தன் இருக்கிறாரே, மன்னா. குடத்தில் வைத்து வாயைத் துணியால் கட்டிவிட்டால் போதும். குறைந்தால் வலது கையை வாங்கிவிடலாம்."

"நல்ல யோசனை" என்றார் ராஜா. கை அவருடையதில்லை.

சாத்தன் வணங்கினான். "ஆணையைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், மன்னா."

"கற்பூரம் குடத்தை விட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

கட்டியைத் தராசில் வைத்து, அதே எடைக்கு ஒரு கூழாங்கல்லைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார்கள். சாத்தன் கட்டியைக் குடத்தின் அடியில் வைத்தான். துணி கட்டவில்லை. வெண்கல மூடி போட்டு, விளிம்பு முழுக்கத் தேன்மெழுகு பூசினான். குடத்தை மடைப்பள்ளியின் கதகதப்பான சுவரோரம் வைத்தான். மூடியின் மேல் ஈரத்துணி போட்டு, அது காயக் காய நனைத்தான். மெழுகின் மேல் ராஜாவே முத்திரை வைத்தார்.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. சபை கூடியது. காரி முத்திரையை உடைத்து, மூடியை அப்படியே தூக்கித் தரையில் வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

அடியில் ஒன்றுமில்லை. சொட்டு ஈரம்கூட இல்லை.

"கையை நீட்டும், விகடகவியாரே."

சாத்தன் வலது கையை நீட்டினான். நீட்டிய கையால் தரையிலிருந்த மூடியை எடுத்துத் திருப்பினான்.

மூடியின் உட்புறம் முழுக்க வெள்ளை ஊசிகள். நெருக்கமாக, பனி முளைத்த புல்வெளி மாதிரி. சாளரத்து வெயில் பட்டதும் ஒவ்வொன்றும் மின்னியது. அருகில் குனிந்த ராஜா, மூச்சு பட்டு உதிர்ந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"குடத்தை விட்டுப் போகக் கூடாது என்றீர்கள், போகவில்லை. குடத்துக்குள் எங்கே உட்கார வேண்டும் என்று ஆணையில் இல்லை" என்றான் சாத்தன்.

மயிலிறகால் ஊசிகளைத் தராசுத் தட்டில் வழித்தார்கள். எதிர்த்தட்டில் கூழாங்கல். முள் ஆடி, ஆடி, நடுவில் நின்றது.

ராஜாவின் குரல் தணிந்திருந்தது. "எப்படியப்பா ஏறியது?"

"கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கூடித்தான் எல்லாப் பொருளும், மன்னா. சபை நடக்கும்போது அமைச்சர்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள், அது கட்டி. கலையும்போது வாசலில் ஒருவர்மேல் ஒருவர் வழிகிறார்கள், அது நீர். பிறகு கூப்பிட்டால் ஒருவரையும் காணோம், அது காற்று. ஆள் என்னவோ அதே ஆள்தான். கற்பூரம் மட்டும் வாசலில் நிற்காமல் இருக்கையிலிருந்து நேரே பறந்துவிடும். குளிர்ந்த இடம் கண்டால் மறுபடி உட்காரும். துணி கட்டியிருந்தால் இழை வழியே வெளியே போயிருக்கும்."

ராஜா தன் சிம்மாசனத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இதுவும் துகள்தானா?"

"அதுவும்தான். உட்கார்ந்திருப்பவரும்தான்."

ராஜா மெல்லத் திரும்பினார். "அப்படியானால் அந்த நான்கு காவலர்கள்?"

"துணி கட்டிய குடத்தைக் காத்தவர்கள், மன்னா. எனக்குப் பரிசு தருவதானால் அவர்களைத் திரும்ப அழையுங்கள்."

"அழைத்தேன். இந்தப் பட்டும் உனக்கு." தோளிலிருந்ததை எடுத்துப் போர்த்தினார். "காரியாரே, திருவிழாவுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதுவரை கற்பூரம் உம் காவலில். துணி போதும் என்றீரே?"

காரி தம் வலது கையைப் பார்த்தார். பிறகு சாத்தனிடம் நெருங்கி, "தம்பி, அந்தத் தேன்மெழுகு மிச்சம் இருக்கிறதா?" என்றார்.

ராஜா சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த ஊசிகள் நாலைந்து பறந்தன. அவற்றைக் காரிதான் தேடிக்கொண்டிருந்தார்.