ஒரே ஒரு முழுக்கு

“நாளை ஏழு பேருக்குத் தீட்சை கொடுக்கிறீர்கள். தணிகாசலத்தை ஏன் விட்டுவிட்டீர்கள், அம்மா?”

கேட்டவர் மாசிலாமணி. மடத்தின் குரு நீலாம்பிகை அம்மையாரைவிடப் பதினாறு வயது மூத்த சீடர்.

“தணிகாசலத்திடம் என்ன கண்டீர்கள்?”

“ஒரு நாளைக்குப் பதினோரு முறை குளத்தில் முழுகுகிறார். மந்திரத்தில் ஓர் எழுத்துப் பிசகினால் முதலிலிருந்து தொடங்குகிறார். இந்த மார்கழியில் நான் ஒரு முழுக்குப் போடவே நடுங்குகிறேன்.”

“தெரியும். நீங்கள் போடும் சத்தம் என் அறைவரை கேட்கிறது.”

மாசிலாமணி சிரிக்கவில்லை.

“அவர் காலைத் தொட்டு வணங்கிவிட்டுத்தான் நாங்கள் பூசைக்கே போகிறோம், அம்மா.”

“அப்படியா? இப்போதே போங்கள். இன்று ஒரே ஒரு முழுக்கை விட்டுவிடச் சொல்லுங்கள்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

தணிகாசலம் அப்போதுதான் கரையேறியிருந்தார். வேட்டியிலிருந்து நீர் சொட்டியது. ஈரம் காயுமுன் மறுபடி படியில் இறங்கப் போனார்.

“குரு சொல்கிறார். இந்த ஒன்றை விட்டுவிடுங்கள்.”

தணிகாசலம் நின்றார். படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே நடுங்கினார்.

“குளிரா?”

“இல்லை, ஐயா. நான் முழுகாவிட்டால் ஊரில் என் மகள் செத்துப்போவாள்.”

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லவில்லை. அது பொய் என்று எனக்கே தெரியும்.”

“பொய் என்று தெரிந்துமா?”

“தெரிந்தும்தான். முழுகி எழுந்தால் கொஞ்ச நேரம் பயம் விடும். துவட்டுவதற்குள் திரும்பிவிடும்.”

மாசிலாமணியும் படியில் உட்கார்ந்தார்.

“தண்ணீருக்குள் இருக்கும்போது இறைவனை நினைக்கிறீர்களே, அப்போதுமா பயம்?”

“இறைவனையா? அவரை நினைத்து எத்தனையோ நாளாயிற்று, ஐயா.”

மாசிலாமணி அவர் கையைப் பிடித்தார். விரல் இடுக்கெல்லாம் வெந்து வெடித்திருந்தது. உடம்பு காய்ச்சலில் கொதித்தது.

“இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை?”

“யாரிடம் சொல்வது? வருகிறவர்கள் எல்லாரும் காலில் விழுகிறீர்கள்.”

மாசிலாமணி எழுந்தார்.

“இங்கேயே இருங்கள். இறங்க வேண்டாம். இதோ வந்துவிடுகிறேன்.”

தணிகாசலம் இரண்டு கைகளாலும் படிக்கல்லைப் பற்றிக்கொண்டு தண்ணீரையே பார்த்தார்.

மாசிலாமணி மூச்சிரைக்கக் குருவிடம் வந்தார்.

“அம்மா! அது பக்தி இல்லை. நோய்.”

“ஆமாம்.”

“உங்களுக்கு முன்பே தெரியுமா?”

“நேற்று அவர் கையைப் பார்த்தேன். உடனே மனநல வைத்தியருக்கு ஆள் அனுப்பினேன். இது குணமாகிற நோய்தான் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். மாலைக்குள் வந்துவிடுவார்.”

“வைத்தியருக்கே சொல்லியாயிற்று. பிறகு என்னை எதற்கு அனுப்பினீர்கள்?”

“மாலைவரை அவர் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டுமே. இப்போது அங்கே யார் இருக்கிறார்கள்?”



மாசிலாமணி மேல்துண்டு கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் குளத்தை நோக்கி ஓடினார்.