ஒற்றைக் குளம்பு

பொதிகை மலையின் கிழக்குச் சரிவில், துப்பாக்கி என்ற பெயரே எட்டிப் பார்க்காத காலத்தில், மிளா வேட்டைக்கென்று ஓர் ஆசான் இருந்தார். மிளா என்றால் மாட்டுக்குச் சமமாக வளரும் பெரிய மான். ஆசான் பெயர் பூதத்தான். ஆசான் என்றதும் தாடியையும் நரையையும் தேட வேண்டாம். அவருக்கு வயது முப்பதுகூட இருக்காது. அவரிடம் தொழில் கற்க வந்த சொரிமுத்துவுக்கோ பேரன் எடுத்த வயது. அதனால் சீடன் குருவை 'ஆசானே' என்பார், குரு சீடனை 'அண்ணாச்சி' என்பார். ஊரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சொரிமுத்து சிரிக்கிற நிலையில் இல்லை. கையில் வேல்கம்போடு மலையேறி வந்தவர், உட்காரக்கூட இல்லாமல் கேட்டார்.

"ஆசானே, கூப்பிட்டா வராதவனை வரவைக்கிறது எப்படி?"

"மிளாவைச் சொல்லுதீங்களா அண்ணாச்சி?"

"மிளாவைத்தான்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். காது சிவந்துவிட்டது. ஆசான் அந்தக் காதைப் பார்த்தார். வேல்கம்பின் நுனியையும் பார்த்தார். மிளாவுக்கு அவ்வளவு சாணை தேவையில்லை.

"கிடா மிளா கூப்பிட்டா வராது. தீனி வச்சாலும் வராது. அதுக்குப் பகையைத்தான் வைக்கணும்" என்றார். "வாங்க, காட்டுதேன்."

மார்கழி பிறந்திருந்தது. ஆண் மிளாக்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளும் மாதம். தாழ்ந்த கிளை ஒன்று குறுக்கே நீண்டிருந்த மான் தடத்துக்கு ஆசான் சீடனைக் கூட்டிப் போனார். தடத்தை ஒட்டி ஒரு பெரிய நாவல் மரம். ஆள் வாடை படக்கூடாது, வெற்றிலை கூடாது, கையிலும் காலிலும் மிளாச் சாணியைப் பூசிக்கொள்ள வேண்டும் என்று வழியிலேயே சொல்லியிருந்தார். சருகை விலக்கி, ஈர மண்ணைக் குச்சியால் வறட்டு வறட்டென்று கிளறச் சொன்னார். உதிர்ந்த கொம்பு ஒன்றால் மரப்பட்டையை உரசச் சொன்னார். மேலே இருந்த கிளையின் நுனியை முறித்துத் தொங்கவிடச் சொன்னார். பிறகு மூங்கில் குழாயின் அடைப்பைத் திறந்து, போன வேட்டையில் விழுந்த கிடாவின் மூத்திரத்தைக் கிளறிய மண்ணில் ஊற்றினார். சொரிமுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கடைசியாக மடியிலிருந்து காய்ந்த குளம்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"இதை மண்ணுல நல்லா அழுத்துங்க. வேற ஒரு கிடா வந்து நின்னு, மிதிச்சு, மோண்டுட்டுப் போன மாதிரி இருக்கணும்."

சொரிமுத்து குளம்பைப் புரட்டிப் பார்த்தார். அவர் காட்டோரத்துக்காரர், தடம் தெரியும்.

"குளம்பு ஒண்ணுதானா ஆசானே? அத்தனையும் வலது காலாப் பதியுமே. மிளாவுக்குத் தெரியாதா?"

"தெரியுதான்னு பாப்போம்."

தினமும் போய்க் கிளறலைப் புதுப்பித்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலை போனபோது, அவர்கள் கிளறிய இடத்தின் மேலேயே ஆழமாக இன்னொரு கிளறல். முறித்த கிளை முழுசாகப் பிய்ந்து கிடந்தது. பட்டையில் ஆள் உயரத்துக்குக் கொம்பு கிழித்த காயம்.

"வந்திருக்கான்" என்றார் ஆசான். "கோபமா வந்திருக்கான். இனிமே இதைத் தாண்டிப் போக மாட்டான். சரி, நீங்க யாருக்காக இந்தப் பாடம் படிக்கீங்க?"

சொரிமுத்து வேல்கம்பின் நுனியைத் தடவினார். பிறகு சொன்னார்.

"என் கூடப் பொறந்தவன்."

"பேரு?"

"அந்தப் பேரு என் வாயில வராது. அவன்னே வச்சுக்கிடுங்க."

சொல்லத் தொடங்கியதும் எல்லாம் வந்தது. ஆடி மாதக் கோயில் கொடைத் திருவிழாவில் தம்பியின் தோல்செருப்பில் ஒன்றை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் நொண்டி நொண்டி வர, அண்ணனும் தம்பியும் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். அதுதான் இருவரும் சேர்ந்து சிரித்த கடைசி நாள். அதற்குப் பிறகு ஒரு காலையில் சொரிமுத்துவின் வாழைக்குலைகள் வெட்டிக் கிடந்தன. அடுத்து கன்றுக்குட்டியின் கயிறு அறுந்து, கன்று கிணற்றுக்குள் கிடந்தது. அப்புறம் களத்தில் இருந்த வைக்கோல்படப்பு எரிந்து போனது. ஒவ்வொரு தடவையும் நாசம் வீட்டுக்கு ஓரடி நெருங்கி வந்தது.

"அவன்தான்னு எப்படிச் சொல்லுதீங்க?"

"ஒவ்வொரு இடத்துலயும் செருப்புத் தடம் ஆசானே. குதிகால்ல மூணு ஆணி. அந்த மாதிரி ஆணி அடிச்சுப் போடுதவன் எங்க ஊருல அவன் ஒருத்தன்தான்."

"போய்க் கேட்டீங்களா?"

"அவன் மூஞ்சியிலயா முழிப்பேன்?"

அப்போது மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. 'பாங்க்' என்று பித்தளைப் பானையில் அடித்த மாதிரி. திரும்பத் திரும்ப வந்தது.

"பெட்டை மிளா. புலியைப் பாத்துட்டா" என்றார் ஆசான். "பாருங்க, ஓட மாட்டா. நின்னு காலை உதைச்சுக் கத்துவா. காடு பூராவும் கேக்கணும்னு கத்துவா. நேத்து அவளை முட்டி விரட்டினவளுக்கும் சேத்துத்தான்."

சொரிமுத்துவுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் மதியம் மலையேறி வந்தபோது அவர் முகமே சரியில்லை. வேல்கம்பை மறுபடி தீட்டியிருந்தார்.

"இன்னைக்கு வெயில் தாழ நான் ஆத்துத் துறைக்குப் போகணும் ஆசானே. அதுக்குள்ள வேட்டை முடியட்டும். அவன் அங்க தனியா வாரான்."

"யாரு சொன்னா?"

"உச்சிமாகாளி. எங்க ரெண்டு பேரு வயலுக்கும் நடுவுல வயல் வச்சிருக்கவன். நல்ல மனுசன். பாவம், எனக்காக ரொம்ப வருத்தப்படுதான்."

ஆசான் தலையை ஆட்டினார். இருவரும் நாவல் மரத்தில் ஏறி, கிளறலுக்கு நேர் மேலே கவட்டையில் உட்கார்ந்தார்கள். காற்று பள்ளத்திலிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. நல்ல காற்று. சொரிமுத்துவின் கண் கீழே தடத்திலும் மேலே சூரியனிலும் மாறி மாறிப் போனது. எறும்பு ஏறிக் கடித்தும் அவர் அசையவில்லை. உள்ளங்கை வேர்த்து வேல்கம்பு வழுக்கியது. மிளா வரவேண்டும் என்று நினைத்தாரா, வராமலே பொழுது போகவேண்டும் என்று நினைத்தாரா, அவருக்கே தெரியவில்லை.

புதர் நகர்ந்தது.

முதலில் கொம்பு தெரிந்தது. பிறகு கழுத்து, சேறு அப்பிய பிடரி. எவ்வளவு பெரிய கிடா! பயந்த பிராணி வருகிற மாதிரி அது வரவில்லை. தலையைத் தாழ்த்தி மண்ணை மோந்துகொண்டு நேராகக் கிளறலுக்கு வந்தது. மூக்கைத் தடத்தில் வைத்து உறிஞ்சியது. கண் சிவந்து, முகத்தில் கண்ணுக்குக் கீழே இருக்கிற சுரப்பி விரிந்தது. முன்காலால் மண்ணை வாரி வாரி எறிந்தது. பின்காலில் எழுந்து நின்று கிளையைக் கொம்பால் பிய்த்தது. கொம்பு முனை சொரிமுத்துவின் பாதத்துக்கு ஒரு சாண் கீழே வந்து போனது.

அவர் மூச்சை அடக்கினார்.

"பேசலாம் அண்ணாச்சி" என்றார் ஆசான், வீட்டு முற்றத்தில் பேசுகிற குரலில்.

சொரிமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. இது என்ன பைத்தியக்காரத்தனம்! ஆனால் கீழே மிளா நிமிரவில்லை. மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது.

"மேல பாக்க மாட்டான். இப்போ புலியே பக்கத்துல வந்து நின்னாலும் இவன் கத்த மாட்டான். இவனுக்கு அந்த இன்னொரு கிடா மட்டும்தான் இருக்கு." ஆசான் ஒரு நாவல் குச்சியை ஒடித்து அதன் முதுகில் போட்டார். தோல் சிலிர்த்தது. தலை தூக்கவில்லை. "குத்துங்க."

சொரிமுத்து குத்தினார். வேல் தோளுக்குப் பின்னால் இறங்கியது. கிடா முழங்காலில் மடிந்து, எழப் பார்த்து, கிளறலின் மேலேயே சரிந்தது. விழுந்த பிறகும் அதன் மூக்கு அந்த மண்ணைத்தான் மோந்துகொண்டிருந்தது. தன்னைக் கொன்றவன் பக்கம் அது கடைசி வரை திரும்பவில்லை.

இருவரும் இறங்கினார்கள். சொரிமுத்து குனிந்து கிடாவின் மூக்கடி மண்ணைப் பார்த்தார்.

"பாவமா இருக்கு ஆசானே" என்றார். "உத்துப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். அத்தனையும் வலது கால். ஒத்தக் காலோட எந்தக் கிடா நடக்கும்?"

"நீங்க சொல்லுதது சரிதான்."

"ஒரு தடவை நின்னு பாத்திருந்தாப் போதும்."

"ஆமா" என்றார் ஆசான். வேலைப் பிடுங்கி இலையில் துடைத்து அவர் கையில் கொடுத்தார். "உங்க களத்துல கிடந்த தடம் எந்தக் கால் அண்ணாச்சி?"

"வலது" என்றார் சொரிமுத்து.

"வாழைத்தோப்புல?"

"வலது..."

"கிணத்தடியில?"

"அதுவும்..." என்று தொடங்கிய சொரிமுத்து வேல்கம்பைத் தாழ்த்தினார். கொடை நாள் கண் முன்னால் வந்து நின்றது. ஒற்றைச் செருப்பைத் தூக்கிப் பிடித்தபடி தம்பி நொண்டி வருகிறான். அவன் கையில் இருந்தது இடது கால் செருப்பு. நாய் தூக்கிப் போனது எந்தச் செருப்பு? நாய்தான் தூக்கிப் போனது என்று அன்றைக்கு முதலில் சொன்னது யார்? பக்கத்தில் நின்று அதிகமாகச் சிரித்தது யார்?

அவர் கீழே கிடந்த கிடாவைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, தாங்கள் உட்கார்ந்திருந்த கவட்டையைப் பார்த்தார்.

"துறையில ஒரு மருத மரம் இருக்கு ஆசானே" என்றார். "பெரிய மரம்."

"ம்."

"அவன் வீட்டுப் பக்கமும் உச்சிமாகாளி ஏதாவது செஞ்சிருப்பான். என் தடம் ஏதாவது போட்டிருப்பான். அவனையும் இன்னைக்கு வரச் சொல்லியிருப்பான். ரெண்டு பேரும் போயிட்டா வயலு பூராவும் அவனுக்குத்தான்."

"இருக்கும்."

சூரியன் மலை விளிம்புக்கு இறங்கிவிட்டது. கீழே ஆறு பளபளத்தது. துறைக்கு வேறு வழியில்லை, இந்தச் சரிவில் இறங்கி ஓட வேண்டியதுதான். சொரிமுத்து ஓரடி வைத்தார், நின்றார், திரும்பினார். அந்தப் பெரிய உடம்பு சிறு பிள்ளையாகத் தவித்தது.

"போகாம இருந்தா மரத்து மேல இருக்கவன் அவனை அங்க முடிச்சிருவான். போனா, வெட்ட வாரான் அண்ணன்னு அவனே என் மேல பாய்வான். நான் எப்படிப் போவேன் ஆசானே? எப்படிப் போனா நம்புவான்?"

ஆசான் அவர் கையிலிருந்து வேல்கம்பை வாங்கி, செத்துக்கிடந்த கிடாவின் பக்கத்தில் மண்ணில் குத்தி நிறுத்தினார்.

"அந்தப் பெட்டை மிளா மாதிரிப் போங்க அண்ணாச்சி. துறை வரைக்கும் கத்திக்கிட்டே போங்க. வாயில வராத அந்தப் பேரைச் சொல்லிக் கத்துங்க."

சரிவில் சருகு நொறுங்கும் சத்தம் வேகவேகமாக இறங்கிப் போனது. கொஞ்ச நேரம் அது மட்டும்தான் கேட்டது. பிறகு பள்ளத்திலிருந்து, காடு பூராவும் கேட்கும்படி, ஒரு குரல் உடைந்துகொண்டு எழுந்தது.

"லேய் தளவாயீ... தம்பீ... துறைக்கு வராதல... தளவாயீ...!"