கூட வந்த பதினோரு குதிரை

“எவனோ ஒருத்தன் இந்த எண்ணுல கை வெச்சிருக்கான் அம்மிணி. அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா தெரியும்.”

ரங்கராசு கடிதத்தை மேசைமேல் அறைந்தார். மயிலாவதி அதை எடுத்து நிதானமாகப் படித்தாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. அவள்தான் குரு. அவருக்கு ஐம்பத்திரண்டு. அவர்தான் சீடர். இருபத்தைந்து வருஷம் பழைய கார் வாங்கி விற்று, பேரம் பேசிப் பேசியே தொண்டை தடித்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கோயமுத்தூரில் அவள் நடத்தும், கார்களின் பலத்தை அளக்கும் இந்தக் கூடத்துக்கு வந்து, “எனக்கு இந்த மெஷினைக் கத்துக்குடுங்க” என்று நின்றார்.

மெஷினின் பெயர் டைனோ. காரைப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, பின்சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டால், எஞ்சினுக்கு எத்தனை குதிரையின் பலம் என்று சொல்லிவிடும்.

கடிதம் ரேஸ் கிளப்பிலிருந்து வந்திருந்தது. நஸ்ரின் என்ற பெண்ணின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு இருநூற்றெட்டுக் குதிரை. அவள் பிரிவில் இருநூறுதான் வரம்பு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் அவளுக்கு இடமில்லை. அளவில் பிழை இருந்தால், பிழை செய்தவரே இன்று மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு மறுபடி அளக்கப்படும்.

நஸ்ரின் கதவோரம் நின்றிருந்தாள். உக்கடத்துக்காரி. உடைந்து கிடந்த வண்டியை வாங்கி, ஆறு வருஷமாக ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி மாட்டியவள்.

“இருநூறைத் தாண்டக் கூடாதுன்னு கணக்குப் போட்டுத்தானே கட்டினேன் அக்கா,” என்றாள். “எட்டு எங்கிருந்து வந்துச்சு?”

“கிளப்புல இருக்கறவன் வேலை கண்ணு,” என்றார் ரங்கராசு. “அன்னிக்குப் பன்னெண்டு வண்டியையும் நான்தான் அளந்தேன். தனி ஆளா. பட்டை, டயர் காத்து, ஒண்ணுல குறை சொல்லட்டும் பார்க்கலாம்.”

“எண்ணை நீங்க பார்த்தீங்களா அண்ணே?” என்றாள் நஸ்ரின்.

“எங்க பார்க்க விடறாங்க. எண் தெரியற திரையை மூடிட்டுத்தான் ஓட்டணும். எண் நேரா கிளப்புக்குப் போயிரும். போன வருஷம் ஆளாளுக்கு இங்க நின்னு நாலு குறை, அஞ்சு கூட்டுன்னு பேரம் பேசினதால இந்த ஏற்பாடு.”

பேசினவர்களில் அவரும் ஒருவர். அதை அவர் சொல்லவில்லை.

மயிலாவதியின் பக்கம் திரும்பினார். “ஏனுங்க அம்மிணி, எட்டுத்தானே. நான் போய்ப் பேசினா நாலுக்கு இறங்கி வருவான். மீதி நாலுக்கு டயர் காத்தைக் குறைச்சு ஓட்டினா எண் இறங்கிரும்.”

“வண்டியை ஏத்துங்க அண்ணா,” என்றாள் மயிலாவதி. “அன்னிக்கு எத்தனை மணிக்கு இந்த வண்டி?”

“பத்தே முக்கால்.”

“இப்பவும் மணி அதான். அன்னிக்கு எப்படிச் செஞ்சீங்களோ, அப்படியே செய்யுங்க. ஒண்ணு விடாம.”

ரங்கராசு சட்டைக் கையை மடித்தார். வண்டியை உருளைமேல் நிறுத்தினார். நான்கு பட்டைகளையும் இழுத்து இறுக்கி, ஒவ்வொன்றையும் முழங்கையால் தட்டிப் பார்த்தார். டயரில் காற்றை அளந்தார். வண்டியின் முகத்துக்கு நேரே ஆளுயரக் காற்றாடியைத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தார்.

“அந்த வெள்ளைப் பெட்டி எதுக்கு அண்ணே?” சுவரில் சின்ன மாடத்துக்கு மேலே தொங்கியதைக் காட்டி நஸ்ரின் கேட்டாள்.

அவருக்குச் சொல்லிக் கொடுக்கப் பிடிக்கும். “அது காத்தோட சூட்டையும் ஈரத்தையும் பார்க்கறது. வெக்கையில எஞ்சினுக்கு மூச்சு முட்டும், பலம் குறையும். அது வண்டியோட தப்பா? இல்லையே. அதனால காத்து எவ்வளவு சூடோ, அவ்வளவுக்கு மெஷின் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் குடுத்துரும். நியாயமான மெஷின்.”

அப்போது, தினமும் அந்நேரத்துக்கு வருவதுபோல, டீக்கடையிலிருந்து தூக்குப்போசி வந்தது. ரங்கராசு மூடியைத் திறந்து ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டார். காற்றாடிக் காற்றில் மீதி டீ ஆறிவிடக் கூடாதென்று தூக்கை, மூட மறந்து, மாடத்துக்குள் ஒதுக்கமாக வைத்தார். ஆவி நேராக மேலே போனது.

மயிலாவதி பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் போனது. அவர் குடித்து முடித்துவிட்டுக் காரில் ஏறினார்.

எஞ்சின் அலறியது. தகரக் கூரை அதிர்ந்து அடங்கியது. மயிலாவதி திரையைத் திறந்தாள்.

இருநூற்றெட்டு.

நஸ்ரின் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ரங்கராசு காரிலிருந்து இறங்க மறந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

“அப்ப நெசமாவே இருநூத்தெட்டா,” என்றார் மெல்ல. “என் கையால நானே இந்தப் புள்ளையை வெளியே தள்ளிட்டேனா.”

மயிலாவதி எழுந்தாள். மாடத்திலிருந்த தூக்கை எடுத்தாள். மூடியைப் போட்டு, வாசலுக்கு வெளியே ஆணியில் மாட்டினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் இன்னொரு தடவை.”

“இன்னொரு தடவை ஓட்டினா குதிரை ஓடியா போயிரும்?”

“ஓட்டுங்க அண்ணா.”

அரை மணி நேரம் எஞ்சின் ஆறியது. பிறகு அவர் ஓட்டினார். அதே பட்டை, அதே டயர், அதே கால். அதே அலறல்.

நூற்றுத் தொண்ணூற்றேழு.

நஸ்ரின் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து, எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் வண்டியின் கூரையில் இரண்டு கையாலும் தாளம் போட்டாள். “மூணு குறைச்சல் அக்கா. வரம்புக்கு மூணு குறைச்சல். நான் கட்டினது சரி.”

ரங்கராசு காரிலிருந்து ஒரே தாவலில் வெளியே வந்தார். “சொன்னேன்ல அம்மிணி, எவனோ கை வெச்சிருக்கான்னு. பதினோரு குதிரையைக் கூடக் கட்டி விட்டிருக்கான் படுபாவி. விடக் கூடாது. அவன் எவனா இருந்தாலும் சரி, இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கிளப்புல போய், பத்துப் பேரு முன்னாடி, என் தப்புதான்னு பேரு போட்டு எழுதிக் குடுத்தாகணும். குடுக்க வைக்கிறேன்.”

மயிலாவதி இரண்டு தாள்களை அச்சடித்து அவரிடம் நீட்டினாள்.

“எண்ணுக்குக் கீழே என்ன போட்டிருக்கு, படிங்க.”

அவர் படித்தார். “காத்துச் சூடு ஐம்பத்தாறு டிகிரி. இதுல இருபத்தெட்டு.” தலையை நிமிர்த்தினார். “மாசி மாசம் நம்ம ஊர்ல எங்க அம்மிணி ஐம்பத்தாறு…”

நிறுத்தினார். காலியான மாடத்தைப் பார்த்தார். அதற்கு மேலே தொங்கிய வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். பிறகு வாசலில் ஆடிக்கொண்டிருந்த தூக்கை.

நஸ்ரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ரங்கராசுக்கும் வந்தது. வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

“வாங்க அண்ணே,” என்றாள் நஸ்ரின், காரின் பட்டைகளைக் கழற்றிக்கொண்டே. “நம்ம வண்டியிலேயே போயிரலாம்.”

அவர் கதவுவரை போனார். திரும்பி வந்தார்.

“அம்மிணி. பேரு போடாம, ‘அளந்தவர்’னு மட்டும் எழுதிக் குடுத்தா ஒத்துக்க மாட்டாங்களா? இல்லேன்னா ‘டீயினால் நேர்ந்த பிழை’ன்னு…”

மயிலாவதி பேனாவை எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினாள்.

“அந்த எவனோவை சீக்கிரம் கிளம்பச் சொல்லுங்க அண்ணா. அஞ்சு மணிக்கு ஆபீஸைப் பூட்டிருவாங்க. அவர் எழுதிக் குடுத்துட்டு வந்தப்புறம் எல்லாரும் டீ குடிக்கலாம்.”