ஒரு ஜோக்குக்கு எத்தனை கரண்டி உப்பு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. வேதாரண்யம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

உப்பளங்களுக்கு நடுவே அளத்தங்கரை என்று ஓர் ஊர். அங்கே ஒரு நகைச்சுவை மன்றம். உறுப்பினர்கள் மூன்று பேர். ஆறு வருடமாக நூலக அறையில் விழா நடத்துகிறார்கள். ஈ காக்கை கூடச் சிரித்ததில்லை. கடைசியில் நூலகர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவை உங்க ஜோக்கைக் கேட்டு ஒருத்தராவது சிரிக்கணும். இல்லேன்னா அறை தையல் வகுப்புக்குத்தான்."

செயலாளர் அஞ்சையனுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் பெயர் எழுதிய பலகை உலகத்திலேயே அந்த அறை வாசலில் மட்டும்தான் தொங்கியது. ஜனங்களைச் சிரிக்கவைக்க வழி கேட்டு மாதா கோயில் ஃபாதரிடம் ஓடினார்.

"லத்தீன்ல வேடிக்கையான பேச்சை 'சால்சுஸ்'னு சொல்லுவாங்க அஞ்சையன். உப்புங்கிற சொல்லுலேருந்து பிறந்தது. உப்புப் போட்டதுன்னு அர்த்தம்."

அன்று மாலையே அவசரக் கூட்டம்.

"நம்மூர்ல நடந்தா காலெல்லாம் உப்பு. அப்புறம் ஏன் ஒருத்தனும் சிரிக்கல?" என்றார் தலைவர் வைரக்கண்ணு.

"அது வெறும் உப்புண்ணே. அயோடின் கிடையாது," என்றார் பொருளாளர் சிங்காரம்.

மூவரும் பஸ் ஏறித் திருத்துறைப்பூண்டி போய்ப் பாக்கெட் உப்பு வாங்கி வந்தார்கள்.

ஜோக்கு எழுதிய தாளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தார்கள். மை கரைந்து, ஜோக்கு வாளியோடு போனது. மறுபடி எழுதினார்கள்.

"தாளுக்கு நாக்கு ஏது? பேசுறவன் வாயில போடணும்," என்றார் சிங்காரம்.

"எவ்வளவு?"

"சின்ன ஜோக்குன்னா ஒரு கரண்டி. இது பெரிசு. மூணு போடு."

விழாவன்று அஞ்சையன் மூன்று கரண்டி உப்பை வாயில் அடக்கிக்கொண்டு மேடை ஏறினார். கண் பிதுங்கியது. மைக்கைப் பிடித்து, "தண்... தண்..." என்றார். பூஜாடித் தண்ணீரைப் பூவோடு குடித்தார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. நூலகர் கண்ணைத் துடைத்தபடி, "அறை உங்களுக்குத்தான்யா!" என்று கத்தினார்.

வைரக்கண்ணு கையைத் தூக்கினார். "நிறுத்துங்க! ஜோக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. 'ஜோக்கைக் கேட்டு'ன்னுதான் சார் சொன்னாரு. நாங்க நேர்மையானவங்க. சிரிச்சு முடிங்க, காத்திருக்கோம்."

சிங்காரம் பின்வரிசை வரை போய், குலுங்கிக்கொண்டிருந்த ஒரு தோளைக் கையால் அமுக்கி நிறுத்தினார். அரங்கம் அடங்கியது. அஞ்சையன் வாயைக் கொப்பளித்துவிட்டு ஜோக்கை முழுசாகப் படித்தார்.

யாரும் சிரிக்கவில்லை.

பிற்பாடு நான் அளத்தங்கரைக்கே போய் மன்றத்தின் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தேன். ஜோக்குக்கு முன்பே சிரித்த அறுபத்திரண்டு பேருக்கும் கண்டனம் இருக்கிறது. அதற்குக் கீழே, மூவரும் கையெழுத்திட்ட அடுத்த தீர்மானம்: இனி விழாவுக்குச் சிரிக்காதவர்களை மட்டுமே அழைப்பது.