முள்ளம்பன்றிக் குடும்பத்தில் ஒரு கீரி

மழை பெய்து ஓய்ந்த ஒரு காட்டில், விலங்குகள் எல்லாம் மலைமேல் கூடியிருந்தன, குழந்தைகளே!

அங்கே ஒரு நீளமான பாறை இருந்தது. தண்ணீர் வழிந்து வழிந்து அது வெண்ணெய் போல வழுவழுப்பாகியிருந்தது. பாறையின் உச்சியில் ஒரு மரத்தோணி. அதில் ஏறி உட்கார்ந்தால் யானை தும்பிக்கையால் ஒரு தள்ளு தள்ளும். தோணி 'சர்ர்ர்' என்று சறுக்கிக்கொண்டு போய்க் கீழே குளத்தில் 'தொபுக்' என்று விழும். காட்டெருமை அதைக் கொடியால் கட்டி மறுபடி மேலே இழுத்து வரும்.

தண்ணீர் வற்றிவிட்டால் பாறை சொரசொரப்பாகிவிடும். அப்புறம் அடுத்த மழைக்குத்தான் சறுக்கல். அதனால் காடே திரண்டு வந்து வரிசையில் நின்றது.

வரிசையின் கடைசியில் வந்து சேர்ந்தது ஒரு கீரி. அதற்கு எதிலும் அவசரம். நாவல்பழம் கறுக்கும்வரைகூடப் பொறுக்காது. காயாகவே கடித்துவிட்டுத் துப்பும்.

"ஆமையண்ணே, இந்த வரிசை நகருமா, நகராதா?" என்று முன்னால் நின்ற ஆமையைக் கேட்டது.

"நகர்கிறதே தம்பி! இப்போதுதான் ஓர் அடி வைத்தேன்" என்றது ஆமை, மகிழ்ச்சியாக.

கீரி வானத்தைப் பார்த்தது. சூரியன் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தான். இருட்டினால் யானை வீட்டுக்குப் போய்விடும். 'அதற்குள் என் முறை வராவிட்டால்?' என்று நினைத்தது கீரி. சட்டென்று வரிசையை விட்டு விலகி முன்னால் ஓடியது.

"மானக்கா, வழி விடுங்கள்! என் குடும்பம் முன்னால் நிற்கிறது!"

மான் விலகிக்கொண்டது.

"உன் குடும்பமா? எங்கே?" என்றது கரடி.

"அதோ, அங்கே!" கீரி எங்கேயோ கையைக் காட்டியது. கரடி எட்டிப் பார்ப்பதற்குள் அதன் கால்களுக்கு இடையே நுழைந்து போய்விட்டது.

"ஏய், நாங்கள் காலையிலிருந்து நிற்கிறோம்!" என்று குரங்குகள் கத்தின.

"அம்மா கூப்பிடுகிறாள், அம்மா கூப்பிடுகிறாள்!" என்று கத்திக்கொண்டே கீரி பாய்ந்தது.

உச்சிக்கு வந்ததும் யானையின் தும்பிக்கை குறுக்கே விழுந்தது.

"நில். நீ யாரோடு வந்தாய்?"

அப்போது தோணியில் ஏறக் காத்திருந்தது ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம். அம்மா, அப்பா, கொழுகொழு என்று மூன்று குட்டிகள்.

"இவர்களோடுதான், யானையக்கா! இதுதான் என் குடும்பம்!" என்றது கீரி.

யானை முள்ளம்பன்றிகளைப் பார்த்தது. கீரியைப் பார்த்தது.

"உன் முள்ளெல்லாம் எங்கே?"

"எனக்கு... இன்னும் முளைக்கவில்லை, அக்கா!"

பின்னால் ஒரே கூச்சல். "பொய்! பொய்!" வரிசை அப்படியே நின்றுவிட்டது. பொழுதோ போய்க்கொண்டிருந்தது.

இப்படியே வழக்கு வளர்ந்தால் யாருக்குமே சறுக்கல் இல்லை என்று அம்மா முள்ளம்பன்றிக்குப் புரிந்தது. அது சிரித்துக்கொண்டே முன்னால் வந்தது.

"ஆமாம் அக்கா, எங்கள் பிள்ளைதான். ஏற்றிக்கொள்ளுங்கள்."

யானைக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "அப்படியா? சரி. ஒரே குடும்பம் என்றால் நெருக்கமாக உட்கார வேண்டும். ஏறுங்கள்!"

"நடுவில் உட்கார், கண்ணு. செல்லப் பிள்ளை ஓரத்தில் உட்காரலாமா?" என்றது அம்மா முள்ளம்பன்றி.

கீரி நடுவில் உட்கார்ந்தது. முட்கள் எல்லாம் படிந்துதான் இருந்தன. 'என்னைப் போலக் கெட்டிக்காரன் உண்டா!' என்று மீசையைத் தடவிக்கொண்டது.

யானை ஒரு தள்ளு தள்ளியது.

சர்ர்ர்ர்!

முள்ளம்பன்றிக்குத் திக்கென்றால் என்ன ஆகும், குழந்தைகளே? முள் சிலிர்த்துக்கொள்ளும் அல்லவா? ஐந்து முள்ளம்பன்றிகளுக்கும் ஒரே நேரத்தில் சிலிர்த்துக்கொண்டது!

"ஐயோ! அம்மா! முதுகு! ஐயையோ, வால்!"

"கத்தாதே, கண்ணு! குடும்பம் என்றால் ஒட்டித்தானே இருக்க வேண்டும்!"

தொபுக்!

மேலே காடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கீரி நொண்டி நொண்டிக் கரையேறியது. அம்மா முள்ளம்பன்றி அதைப் புல்லில் உட்கார வைத்து, முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது.

"சறுக்கல் எப்படி இருந்தது?"

"எங்கே பார்த்தேன்? கண்ணைத் திறக்கவே இல்லையே!" கீரிக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னொரு முறை எங்களோடு வருகிறாயா?"

"வேண்டாம் அம்மா, வேண்டவே வேண்டாம்! நான் உங்கள் பிள்ளை இல்லை. வரிசையில் கடைசியாக வந்த கீரி!"

கீரி மறுபடி மலையேறியது. போகும் வழியில் மானிடமும் கரடியிடமும் குரங்குகளிடமும் மன்னிப்புக் கேட்டது. வரிசையின் கடைசியில் இப்போது ஓர் உடும்பு நின்றது. அதன் பின்னால் போய் நின்றுகொண்டது.

நின்ற இடத்தில் பொழுது போனதே தெரியவில்லை. உடும்பு விடுகதை போட்டது. கரடி ஒரு தேனடையைப் பிய்த்துப் பின்னால் அனுப்பியது. அது கைமாறிக் கைமாறிக் கீரிவரை வந்தது.

வானம் சிவந்தபோது யானை, "இதுதான் கடைசி. ஏறு!" என்றது. கீரி தனியாக ஏறிக் கண்ணை அகலத் திறந்துகொண்டது. மர உச்சிகள் பறந்தன. காற்று மீசையை இழுத்தது. செம்பருத்தி நிறத்தில் குளம் ஓடி வந்தது.

"ஊஊஊ!" என்று கீரி போட்ட கூச்சலில், கரையில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து "ஊஊஊ!" என்றார்கள்.

நீதி: அடுத்தவர் முறையைப் பறித்தவனுக்கு மகிழ்ச்சி கிட்டாது, தன் முறைக்குக் காத்திருந்தவனுக்கே அது முழுதாகக் கிடைக்கும்.